இஷ்ராவின் அப்பா

வவுனியாவில் எங்கள் பகல் பராமரிப்பு நிலையம் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்தது. வீட்டில் உழைப்பதற்கு ஆண் இல்லாத குடும்பங்களின் சின்னப் பிள்ளைகளை, தாய்மார் வேலை முடிந்து வரும்வரை அங்கே பார்த்துக்கொள்வோம். செலவு அரசாங்கத்தினுடையது. காலையில் திரிபோஷாச் சத்துமாவில் பிசைந்த உருண்டை, மத்தியானம் சோறு, அதன்பிறகு பாய் விரித்து நித்திரை. விமலேஸ்வரி அக்கா பொறுப்பாளர். நான் உதவியாளர். சண்டை நின்று பாதை திறந்த பிறகு முரசுமோட்டையிலிருந்து வந்து, பகலில் இங்கே வேலை செய்து, பின்னேரத்தில் சிறுவர் பராமரிப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுங்கள், உங்கள் அபிப்பிராயம் கடைசியில் வரட்டும் என்று அந்த வகுப்பில் சொல்லித் தந்தார்கள். இந்த விடயத்தில் எனக்கு அபிப்பிராயம் ஒன்று இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை. ஒழுங்கை மட்டும் சொல்கிறேன்.

இஷ்ராவுக்கு நாலு வயது. தாய் லதீபா முன்னாலிருந்த ஆலையில் நெல் காயப்போடுகிறவர். தகப்பன் புத்தளத்தில் இருந்தபோது லொறி அடித்து இறந்துவிட்டார். அவர்கள் முல்லைத்தீவு ஆட்கள். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போனவர்கள், சமாதானக் காலத்தில் ஊருக்குத் திரும்பலாம் என்று புறப்பட்டு, வவுனியா வரை வந்து நின்றுவிட்டார்கள்.

லதீபாவின் தகப்பன் கச்சு முகம்மதுவும் அவர்களோடு இருந்தார். தலை முழுக்க நரைத்தவர். சைக்கிளின் பின்பக்கத்தில் பெட்டி கட்டிக் கருவாடு விற்பார். எல்லோரும் அவரைக் கருவாட்டு நானா என்றார்கள். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்; நானும் நானா என்றுதான் கூப்பிட்டேன். காலையில் இஷ்ராவைச் சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அப்படியே செட்டிக்குளம் பக்கம் போய்விடுவார். இறக்கும்போது ஏதாவது பகிடி விடாமல் போகமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் நான் மீன் மச்சம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததிலிருந்து, "வெள்ளிக்கிழமையில எனக்கும் யாவாரமில்ல, ரீச்சருக்கும் ருசியில்ல" என்பார்.

இஷ்ரா அவரை "அப்பா" என்று கூப்பிடுவாள். எங்கள் வீடுகளில் அப்பா என்றால் தகப்பன். அவர்கள் வீட்டில் தகப்பன் வாப்பா. அப்பா என்றால் தாயின் தகப்பன். வந்த புதிதில் எனக்கும் குழம்பியது. லதீபாவிடம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டேன்.

ஆவணி மாதம் அரசாங்க அலுவலகத்திலிருந்து கமலாசனி மிஸ் பரிசோதனைக்கு வந்தார். தகுதியில்லாத வீடுகளின் பிள்ளைகளும் வருகிறார்கள் என்று ஆரோ முறைப்பாடு கொடுத்திருந்தார்களாம். அவர் கடுமையானவர் அல்ல. கைப்பையில் டொஃபி கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக மடிக்குப் பக்கத்தில் கூப்பிட்டுக் கதை கேட்டார். நான் அப்போது பைப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். இஷ்ரா சொன்னதை விமலேஸ்வரி அக்காதான் பிறகு சொன்னார்.

காலமை ஆர் கொண்டுவந்து விட்டது என்று மிஸ் கேட்டிருக்கிறார். அப்பா என்றிருக்கிறாள். அப்பா எங்கே படுக்கிறவர்? எங்கட வீட்டில், வாசலில், குறட்டை விடுவார். அப்பா என்ன வேலை? கருவாடு விக்கிறவர். மிஸ் சிரித்து, இன்னொரு டொஃபியும் கொடுத்தாராம்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"எங்கட பிள்ளையளோட சேர்ந்து தேப்பனை அப்பா எண்டு சொல்லப் பழகிட்டுது எண்டு நினைச்சன். தாய் ரெண்டாந்தரம் கலியாணம் முடிச்சிருக்கிறா, எங்களுக்குச் சொல்லேல்ல எண்டும் நினைச்சன். காலமை அடுப்படியில நிக்கிறவள், கொண்டுவந்து விடுறவரை நானென்ன கண்டன்?"

அடுத்த கிழமை அறிவித்தல் வந்தது. வீட்டில் உழைக்கிற ஆண் இருப்பதால், இஷ்ரா மாத முடிவோடு இங்கே வராமல் நிற்க வேண்டும்.

பின்னேரம் லதீபா வந்தபோது விமலேஸ்வரி அக்கா விடயத்தைச் சொன்னார். லதீபாவின் முக்காட்டிலும் புருவத்திலும் உமித்தூள் இருந்தது. அவர் அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. ஆலையில் நெல் அவிக்கிற தொட்டிகள் நிலமட்டத்தில் இருப்பதால் முதலாளி பிள்ளைகளை உள்ளே விடமாட்டார் என்றார். பிள்ளை வீட்டில் நின்றால் ஒன்று தான் ஆலைக்குப் போக ஏலாது, அல்லது வாப்பா கருவாட்டுக்குப் போக ஏலாது. ஒரு ஆளின் உழைப்பில் வாடகையும் கொடுத்துச் சாப்பிட முடியாது. பாடம் ஒப்புவிப்பதுபோல இதையெல்லாம் சொல்லிவிட்டு, இஷ்ராவின் செருப்பைத் தேடினார். ஒன்று கதவுக்குப் பின்னால் கிடந்தது.

அது தகப்பன் இல்லை, பேரன், அதாவது தாயின் தகப்பன் என்று நேரில் போய்ச் சொன்னால் சரிவரும் என்று நான் சொன்னேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. ஒரு சொல்லில் வந்த பிழை, சொல்லைத் திருத்தினால் முடிந்தது.

திங்கட்கிழமை லதீபா, நானா, நான் மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனோம். விமலேஸ்வரி அக்கா நிலையத்தை விட்டு வர முடியாதென்பதால் நான் போனேன். நானா வெள்ளைச் சாரமும் தோய்த்த சேட்டும் உடுத்து, தொப்பி போட்டு, சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு வந்தார். கமலாசனி மிஸ் எங்களைக் கதிரைகளில் இருக்கச் சொன்னார். நான் விளங்கப்படுத்தினேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

"ஐயோ, அப்ப அது என்ர பிழை. யாழ்ப்பாணத்தில பக்கத்து வீடே சோனக ஆக்கள்தான். இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சுப் பாருங்கோ."

நானாவும் சிரித்தார். அந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு மிஸ் பேனையை எடுத்தார். சட்டத்தில் தகப்பன் என்று இல்லையாம். உழைக்கக்கூடிய ஆண் என்றுதான் இருக்கிறதாம். தகப்பனென்றாலும் பேரனென்றாலும் ஒன்றுதான். அவர் நானாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு வயசு போட்டுது. இனி ஏலாது தானே?"

"என்னத்துக்கு ஏலாது?" என்றார் நானா. "செட்டிக்குளம் வரைக்கும் சைக்கிள் உழக்கிப் போய் வாறனான். மழையெண்டாலும் நிக்கிறேல்ல."

மிஸ் பேனையை மேசையில் வைத்தார். அவர் கோபப்படவில்லை. முந்தியதைவிட மெதுவாகக் கதைத்தார்.

"நான் கேக்கிறதை வடிவாக் கேளுங்கோ ஐயா. உங்களுக்கு ஏலாது தானே?"

இப்போது எனக்கும் விளங்கியது. லதீபாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும், நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானா மகளைப் பார்த்தார். அவருடைய கைகள் முழங்கால்களில் இருந்தன. வெயிலில் கறுத்த, நரம்பு புடைத்த, ஒரு குறையும் இல்லாத கைகள். நான் வேறு பக்கம் பார்த்திருக்கலாம்.

"ஏலாது" என்றார்.

மிஸ் பக்கத்து மேசையில் இருந்த எழுதுவினைஞரைக் கூப்பிட்டார். "நல்லதம்பி, நீரும் சாட்சிக்கு ஒரு கையெழுத்து வைக்க வேணும். ஐயா சொன்னது கேட்டதோ?"

நல்லதம்பி என்கிற அந்த மனிதர் தலையைத் தூக்கி, கேட்கவில்லை என்றார். நானா இன்னொரு தரம், முந்தியதைவிடப் பலத்துச் சொன்னார்.

வெளியே வரும்போது மிஸ் கதவுவரை வந்தார். இந்த வருடப் பரிசோதனை முடியும்வரை சைக்கிளோடு ஆருடைய கண்ணிலும் படவேண்டாம் என்றார். தான் உதவி செய்து அது தனக்கே வினையாக வரக்கூடாது என்றார். அதுவும் நியாயம்தான். சைக்கிள் அங்கே பூட்டிக்கிடந்தது. நானா அதை ஏறி உழக்கவில்லை. உருட்டிக்கொண்டு போய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த நாஸிம் என்ற உறவுக்காரரிடம் விட்டார்.

அடுத்த நாளிலிருந்து இஷ்ரா நடந்து வந்தாள். அவளை விட்டபிறகு நானாவுக்குப் போக இடமில்லை. எங்கள் வேலிப் படலைக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார ஒரு மர வாங்கு இருந்தது. அதில் இருப்பார். வீட்டில் போய் இருங்கோ என்று சொன்னேன். வீட்டில் இருந்து என்ன செய்ய என்றார். பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது அவருக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுப்பேன். வெள்ளிக்கிழமைப் பகிடி நின்றுவிட்டது. நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

வகுப்பில் இருக்கும்போது இதை ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். பிள்ளைக்கு இடம் வேண்டியிருந்தது இரண்டு பேரும் உழைப்பதற்காக. இப்போது இடம் இருக்கிறது, ஒருவர்தான் உழைக்கிறார். மற்றவர் படலைக்கு வெளியே சும்மா இருக்கிறார். எங்கேயோ நான் பிழையாக யோசிக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு லதீபாவிடமே கேட்டுவிட்டேன். அவர் இப்போது ஆலையில் இருட்டும்வரை நின்று முற்றம் கூட்டும் வேலையையும் எடுத்திருந்தார்.

"ஒருக்கா விட்டா இந்த இடம் திரும்பக் கிடையாது ரீச்சர்" என்றார். "இங்க வயிறு நிறையத் தின்னுறாள். வாப்பாட சைக்கிள் எங்க போகப் போகுது? கொஞ்ச நாளைக்குத்தானே."

அந்தக் கொஞ்ச நாள் மார்கழி வரைக்கும் போனது. லதீபா பிந்தி வருகிற நாட்களில் இஷ்ராவோடு நான் நின்றேன். சில வகுப்புகள் தவறின. நானா வாங்கில்தானே இருக்கிறார், அவரிடம் விட்டுவிட்டுப் போ என்று விமலேஸ்வரி அக்கா சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் தாயின் கையில் மட்டுமே பிள்ளையைக் கொடுக்க வேண்டும், இயலாதவர் என்று பதிந்த ஆளிடம் கொடுக்கக்கூடாது என்று எங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நான் ஒழுங்கைப் பார்த்தேன். மூன்று பேரும் கடிக்க வந்த நுளம்பை அடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

மார்கழியில் மிஸ் கடைசி முறையாக வந்தார். வாங்கில் இருந்தவரைப் பார்த்தார். உள்ளே வந்து எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்த பிறகு, இந்த வருட அலுவல் முடிந்தது, ஐயாவிடம் இனிப் பரவாயில்லை என்று சொல்லுங்கோ என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் உடனே போய்ச் சொன்னேன். நல்ல செய்தி கொண்டுபோகிற ஆளுடைய நடை எனக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இனிச் சைக்கிளை எடுக்கலாம் நானா, மிஸ்ஸே சொல்லிவிட்டா என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

"பாப்பம்" என்றார்.

அடுத்த நாளும் வாங்கில் இருந்தார். அதற்கு அடுத்த நாளும். நாஸிம் ஒருநாள் கடையிலிருந்து ஆள் அனுப்பி, ரயருக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். நானா கேட்டுக்கொண்டார். போகவில்லை.

அந்தக் கிழமை ஒரு மத்தியானம், பிள்ளைகள் நித்திரையாக இருக்கும்போது, நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் படலைக்குப் போனேன். வீதியில் ஒரு பெண் நின்றார். பெயர் அழகம்மா. செட்டிக்குளம் பக்கம் தோட்ட வேலை செய்கிறவர், ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். நானாவைக் கண்டு கிட்ட வந்து, ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"நீங்க கருவாட்டு நானாதானே? நாலு மாசமா ஒங்கள காணோமே. எங்க லயத்து வீடெல்லாம் கேக்குது, நானா மௌத்தாயிட்டாரான்னு." செத்துப்போன ஆளைக் கண்டதுபோல அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

வீதியில் வேறு ஆரும் இருக்கவில்லை. நானா அவரைப் பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"இல்ல மகள். அது வேற ஆள்."

அழகம்மா இன்னோர் அடி கிட்ட வந்து நானாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். முகச்சாடை அப்படியே இருந்தது, மன்னிச்சுக்கங்க என்று சொல்லிவிட்டு அவர் ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்தார்.

உள்ளே ஒரு பிள்ளை எழும்பி அழத் தொடங்கியது. அது இஷ்ரா இல்லை. இஷ்ரா இன்னும் நித்திரைதான், வயிற்றில் படுத்து, வாயைத் திறந்தபடி. நான் அழுத பிள்ளையைத் தூக்கினேன். அது ஓய்ந்தபிறகு, விடிய வருகிறவர்களுக்கு எத்தனை உருண்டை பிசைய வேண்டும் என்று விமலேஸ்வரி அக்கா குசினியிலிருந்து கேட்டார். எல்லோருக்கும் என்றேன், ஒருவரும் வராமல் நிற்கவில்லை.