விழும் இடம்

சுலோசனா தன் ஒரே கோழியை அறுத்தபோது மூலக்குளத்தில் பாதி வீடுகளில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எழுபத்தொன்பது ஜூலை. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்க விண்வெளிக்கூடம் ஸ்கைலாப் இன்றைக்கு விழப்போகிறது, எங்கே என்று அமெரிக்காக்காரனுக்கே தெரியாது என்று ரேடியோ சொல்லிவிட்டது. தலையில் விழுந்தபிறகு கோழி யாருக்கு என்று தெருவே தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. சுலோசனாவின் கோழிக்குக் குஞ்சுகள் இருந்தன. மனசு கேட்கவில்லைதான். ஆனால் புருஷன் தணிகாசலத்துக்கு ஈரல் என்றால் உயிர்.

இரட்டை ஷிப்டு, காலையில்தான் வருவேன் என்று மில்லுக்குப் போயிருந்தான் அவன். ஸ்கைலாப் அதுவரை பொறுக்குமா? பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் தனியாகச் சாக அவளுக்குப் பயமாக இருந்தது. செத்தாலும் அவன் பக்கத்தில் சாகலாம் என்று தூக்குவாளியில் சோறும் குழம்பும் போட்டு, ஈரலை மேலாக வைத்து, வெயிலோடு மில்லுக்கு நடந்தாள்.

வாட்ச்மேன் கோவிந்தசாமிக்கு அவளைத் தெரியாது.

"தறிக்காரர் தணிகாசலமா? மதியமே பூட்டாரும்மா. சாவறதுன்னா பொண்டாட்டி புள்ளையோட சாவறேன்னு முத்தியால்பேட்டைக்கு ஓடுனாரு." தூக்குவாளியைப் பார்த்தார். "நீ யாரு, தங்கச்சியா?"

சுலோசனா தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று அவளுக்கே புரியவில்லை.

தூக்குவாளியோடு வந்த வழியே திரும்பி நடந்தாள். இன்னொருத்தி இருப்பதைக்கூட அழுது சண்டைபோட்டு ஒருவழியாகத் தாங்கியிருப்பாள். உலகம் அழியப்போகிறது என்றதும் அவன் கால் எந்தப் பக்கம் ஓடியது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் கால் மில்லுக்கல்லவா ஓடியது. விழுந்து தொலையட்டும் என்று அண்ணாந்து பார்த்தாள். ஒரு காக்கா கூட இல்லை.

மறுநாள் காலை தணிகாசலம் வந்தான். தூக்குவாளி மூடி திறக்காமல் வாசற்படியில் இருந்தது.

"பொழச்சிட்டோம் சுலோ. ராவெல்லாம் தறியில நின்னு இடுப்பே வுட்டுப்போச்சு." செம்பில் தண்ணீர் மொண்டு கால் கழுவக் குனிந்தான்.

"எங்க வுழுந்துச்சாம்?"

"ஆஸ்திரேலியா பக்கமாம். கடல்ல பாதி, காட்டுல பாதி."

"முத்தியால்பேட்டையிலன்னு இல்ல சொன்னாங்க."

அவன் நிமிரவில்லை. செம்பு சாய்ந்தபடியே நின்றது. தண்ணீர் ஒரே காலில் விழுந்து மண்ணில் ஓடியது. விடிந்ததிலிருந்து தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்த குஞ்சுகள் ஓடிவந்து அந்த ஈரத்தைக் கிளற ஆரம்பித்தன.