கம்மங்கூழ்ச் சிந்துக்கு மறுப்பு

சந்தைகளில் கொலைச்சிந்து பாடும் பீர் முகமது கட்டிய சிந்துகளிலேயே ஊர் ஊராகப் போனது கம்மங்கூழ்ச் சிந்து ஒன்றுதான். மாயக்காள் என்பவள் புருஷனுக்குக் கூழில் அரளி விதையை அரைத்துக் கலந்து கொன்றுவிட்டாள் என்று பேச்சு எழுந்தது. விசாரணை முடியட்டும் என்று பொறுத்தால் பாட்டின் சூடு ஆறிப்போகும், அவர் பொறுக்காமல் அவளே கொன்றாள் என்று கட்டிவிட்டார். அவனாகவே அரளியைத் தின்றான் என்று தெரிந்து மதுரைக் கோர்ட்டு அவளை விடுதலை செய்தது. பாட்டு விடவில்லை.

"அந்தப் பாட்டு அடங்குனா வீட்டுக்கு வா" என்றுவிட்டான் அவள் அண்ணன் நல்லகாமன். அவள் கைப்பிள்ளையோடு பீர் முகமதுவின் வாசலில் வந்து நின்றாள்.

"கட்டுன வாயாலேயே அவுத்து விடுங்க பாய்."

அவர் மறுப்பு கட்டினார், அதே மெட்டில். சந்தை இரைச்சலில் புது மெட்டுக்கு யாரும் நிற்கமாட்டார்கள். தெரிந்த மெட்டென்றால் தள்ளிப் போகிறவனும் திரும்புவான். சிந்தில் அடியின் முன்பாதி பாடுகிறவருக்கு, பின்பாதி கூட்டத்துக்கு. தான் வாய்விட்டுப் பாடிய பாதியைத்தான் கூட்டம் வீட்டுக்குக் கொண்டுபோகும். பழைய பாட்டு அப்படித்தான் ஏற்றம் இறைக்கும் கிணறுவரை போய்ச் சேர்ந்தது. மறுப்பும் அதே வழியில்தான் போயாக வேண்டும்.

மறுப்பு எடுபட்டால் தங்கையை ஏற்றிப்போக, மேலூர்ச் சந்தையில் நல்லகாமன் வண்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருந்தான். மாயக்காள் பிள்ளையை இடுப்பில் வைத்துக் கூட்டத்தோரம் நின்றாள். பீர் முகமது கஞ்சிராவைத் தட்டி எடுத்தார்.

"கம்மங்கூழில் அரளி..."

'இல்லை, கேளய்யா' என்று புதுப் பின்பாதியை அவர் சொல்லிக்கொடுப்பதற்குள் கூட்டம் பழையதைப் பாடி முடித்துவிட்டது.

"வச்சா மாயக்கா!"

"அய்யா, இது மறுப்புப் பாட்டு! கேட்டுட்டுப் பாடுங்க!"

"பாய்க்கு வயசாயிருச்சுப்பா, பாட்டு மறந்துபோச்சு" என்றான் வெற்றிலைக்காரன் ஒருவன். "நாங்க பாடுறோம், நீங்க சும்மா தட்டுங்க பாய்."

சிரித்தார்கள். யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. அவர் மறுபடி எடுத்தார். பதில் இன்னும் உரக்க வந்தது. கஞ்சிராவை நிறுத்தினார். பாட்டு நிற்கவில்லை. அதற்கு அவர் தேவைப்படவில்லை.

நல்லகாமன் வண்டியைத் திருப்பினான்.

"அண்ணே!" மாயக்காள் ஓடிப்போய் நுகத்தடியைப் பிடித்தாள்.

"ஒன் மேல குத்தமில்லைன்னு எனக்குத் தெரியும் தாயி. எம்புட்டுப் பேரு வாயை நான் அடைக்க? கையை எடு."

எடுத்தாள். வண்டி போயிற்று. பின்னால் கூட்டம் அடுத்த அடிக்கு வந்திருந்தது. இடுப்பிலிருந்த பிள்ளை, தெரிந்த பேர் காதில் விழுந்த குதூகலத்தில், சரியான இடம் பார்த்துக் கைதட்டித் தானும் மழலையில் கூவியது.

"மாயக்கா!"