பார்பராவின் படம்

அந்தப் புதன்கிழமை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். என் தங்கை பார்பரா, அவள் மகள் ஜூலியானா, பக்கத்து லயத்து வரிசை வீட்டு டெஸ்மண்ட், நான். என் பெயர் ஞானசுந்தரம். இதே தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். வேறு யாரும் அங்கே இல்லை.

பார்பராவுக்கு ஈரலில் புற்று. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் அவள் முன்பு குடியிருந்த வீட்டுக்குள் 2013 வெள்ளத்தில் சேறு புகுந்தபோது பழைய படங்கள் எல்லாம் போயின. ஜூலியானாவின் கைப்பேசியில் இருந்தவை கேக் ஊட்டிக்கொண்டும் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டும் எடுத்தவை. சவப்பெட்டியின் தலைமாட்டில் வைக்க அவை ஆகாது என்று நான்தான் சொன்னேன்.

பார்பராவுக்கும் ஒரு படம் வேண்டியிருந்தது. "வர்றவங்கள நான் பாக்கிற மாதிரி இருக்கணும்ணே. அது போதும்," என்றாள்.

டெஸ்மண்ட் தேயிலை ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். ஓய்வு நாளில் கேமராவோடு மலையேறி, பனி மூடிய தேயிலைச் சரிவுகளைப் படமெடுப்பான். ஆளை வைத்து எடுத்தது கிடையாது. ஜூலியானா கேட்டதற்காக வந்தான்.

பார்பராவைக் கட்டிலிலேயே சாய்த்து எடுக்கலாம் என்றான். நான் ஒப்பவில்லை. எங்கள் வீட்டில் யாரும் படுத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டதில்லை. நாற்காலியில் நேராக உட்காரவைத்தேன். சரிந்துகொண்டே இருந்தாள். அவளுடைய வெள்ளைச் சால்வையை இடுப்போடு சேர்த்து நாற்காலிக்குக் கட்டினேன்.

"வலிக்கும் மாமா," என்றாள் ஜூலியானா.

"கொஞ்ச நேரந்தான்."

வெளியே மூடுபனி. அறையில் வெளிச்சம் குறைவு. டெஸ்மண்ட் கேமராவை முக்காலியில் பொருத்தி, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"டெஸ்மண்டு, நான் என்ன மலையா? எவ்வளவு நேரந்தான் ஆடாம இருக்கிறது?" என்றாள் பார்பரா.

"மலை வாய் பேசாதுலா ஆண்டி."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகியது. இருமல் நின்றதும் எடுக்கத் தொடங்கினான். பன்னிரண்டு படங்கள். கடைசிப் படத்தின்போது அவள் களைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

கேமராவின் திரையைப் பார்த்தவன் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு என்னைத் தனியே அழைத்தான்.

"அங்கிள், தப்பு என்னோடதுதான். பனியில மலைய எடுக்கிற மாதிரியே ஒவ்வொண்ணுக்கும் ஷட்டர ஒரு செகண்டு தெறந்து வச்சு எடுத்துட்டேன். மலை ஆடாது. ஆண்டி மூச்சு வாங்குறாங்க. முகம் எல்லாம் கலங்கிப்போச்சு. கண்ணு மூடி அசையாம இருந்த ஒண்ணுதான் தெளிவா இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க, செட்டிங் மாத்தி எடுத்துர்றேன்."

அவள் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே லயத்துப் பெண்கள் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கையை ஊர் வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் திரைச்சீலையை இழுத்து விட்டேன்.

"போதும். சனிக்கிழமை வா," என்றேன்.

பார்பரா என் கையைப் பிடித்தாள். "எடுக்கட்டும்ணே."

நான் கையை விடுவித்துக்கொண்டு சால்வையை அவிழ்த்தேன். டெஸ்மண்ட் முக்காலியை மடக்கினான்.

அவள் சனிக்கிழமைவரை இருக்கவில்லை.

கண் மூடிய அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கித் தேவாலயத்தில் பெட்டியின் தலைமாட்டில் வைத்தோம். கைப்பேசிப் படங்களில் ஒன்றை வைக்கலாம் என்று ஜூலியானா ஒரு முறை கேட்டாள். நான் வேண்டாமென்று தலையசைத்ததால் மறுபடி கேட்கவில்லை. வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு அதில் அவளை நாற்காலியோடு கட்டியிருந்த சால்வையைப் பார்த்தார்கள். டெஸ்மண்ட் வாசலோடு நின்றுவிட்டான். அதற்குப் பிறகு அவன் கேமராவோடு மலையேறி நான் பார்க்கவில்லை.

இறந்தபின் நாற்காலியில் கட்டிவைத்து எடுத்த படம் என்று பிரிஞ்சாங் சந்தையில் பேசுகிறார்கள். அது பொய். படம் எடுத்தது புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. அவள் இறந்தது வெள்ளிக்கிழமை காலையில். கட்டியவன் நான். கட்டும்போது அவள் உயிரோடு இருந்தாள்.