இரண்டாவது பலகை

சித்தியின் தையல் அறையில் பின்சுவர் மறுபடியும் ஊறியிருந்தது. புதிதாகப் பூசிய சிமெண்டில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் கறுத்து நின்றது. கொத்தனார் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"சுவர்ல மீன் வளக்கலாம் போலிருக்கு," என்றாள் சித்தி, மிஷினை நிறுத்தாமல்.

"பூச்சுல குத்தமில்லம்மா. கீழேருந்து ஏறுது."

"சிமெண்டுல கஞ்சத்தனம் பண்ணிட்டுப் பழியத் தரை மேல போடறீங்க. எங்க அக்கா பொண்ணப் பாருங்க. செத்துக் கிடந்த சதுப்புக்கே உசிர் குடுத்துட்டா. உங்களால ஒரு சுவரக் காய வெக்க முடியல."

வாசற்படியில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த அக்கா மகள் தலை நிமிரவில்லை. கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டு போனார். எதிர்வீட்டு மாடி வேலையும் அவர் கையை விட்டுப் போயிருந்தது. அவர் பூச்சு நிற்காது என்று சித்தி தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

சதுப்பு வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அதன் அடியில் கரிமண். செத்த கோரையும் புல்லும் மக்காமல் காலங்காலமாகச் சேர்ந்தது. தண்ணீருக்குள் கிடக்கும்வரை தன் கரியைப் பிடித்து வைத்திருக்கும். காய்ந்தால் கரியமில வாயுவாகக் காற்றில் விட்டுவிடும். யாரோ முன்பு வெட்டிய கால்வாயில் நீர் வடிந்து, அது காய்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு தொழிற்சாலை, தான் விடும் புகைக்கு ஈடாக, இதை மீட்கச் செலவு செய்கிறது. அக்கா மகளுக்கு அந்தத் திட்டத்தில் வேலை.

கால்வாயின் வாயைப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அடைக்க வேண்டும். ஒன்று போட்டபின் ஒரு மழைக்காலம் பொறுத்து, வீடுகளின் ஓரம் நட்ட குழாய்களில் நிலத்தடி நீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்துத்தான் அடுத்தது. அந்த விதியை வகுத்ததே அவள்தான்.

முதல் பலகை போட்ட கையோடு, தொழிற்சாலைக்காரர்கள் பார்க்க வருவதற்குமுன், திட்ட மேலாளர் கேட்டார். "ரெண்டாவதையும் போட்டுடலாமே. என்ன ஆயிடப்போகுது?"

என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. சரியென்று தலையாட்டி, இரண்டாவதையும் போட்டாள்.

வந்தவர்கள் தண்ணீரைப் பார்த்து மகிழ்ந்தார்கள். முக்குளிப்பான் பறவைகள் நீரோரம் கூடு கட்டின. சுவர் ஊறியது.

இன்று குழாய்களில் நீர் தரைக்கு ஒரு சாண் கீழேவரை ஏறி நின்றது. அங்கிருந்தே போன் செய்தாள்.

"சார், ஒரு பலகைய எடுக்கணும். வீடுங்கள்ல ஈரம் ஏறுது."

"இப்பவா? ஓரமெல்லாம் காஞ்சு போயிடுமே. தொழிற்சாலைக்குக் காட்டுன நம்ம கணக்கு என்னாகறது?"

"எடுக்கறேன் சார்," என்று வைத்துவிட்டாள்.

பலகையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். சித்தியைக் கூப்பிட்டாள். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்தாள் சித்தி. கால்வாயின் இரு பக்கமும் நின்று ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள்.

"தண்ணி அழகா நிக்குது. இத எதுக்குடி எடுக்கற?"

"இதாலதான் சித்தி உன் சுவர் ஊறுது. அவசரப்பட்டு நான்தான் போட்டேன்."

சித்தி பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் தடவை ஊறினப்பவே."

"அந்த மனுஷன நான் நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டேனே. அப்பல்லாம் பக்கத்துலதானே நின்ன? வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்த?"

சித்தி குனிந்து தன் முனையை மறுபடி பிடித்தாள்.

"பிடி."

பலகை சேறு உறிஞ்சும் சத்தத்தோடு எழுந்தது. தண்ணீர் பாய்ந்தது. கரையோரம் கரிமண் பட்டையாக வெளியே தெரிந்தது. இனி அது காயும். அகலமாகிக்கொண்டே போன பட்டையில் ஒரு முக்குளிப்பான் கூடு மெல்லச் சரிந்து சேற்றில் உட்கார்ந்தது. பறவை நீந்தி அப்பால் போய் நின்று திரும்பிப் பார்த்தது.

ஒரு பலகையோடு நிறுத்தியிருந்தால் அது இவ்வளவு ஓரத்தில் கட்டியிருக்காது.

"கெளம்பு," என்றாள் சித்தி. "கொத்தனார் வீட்டுக்கு."

"நீ சொல்லிடறியா சித்தி?"

"நான் கேட்க வேண்டிய மன்னிப்ப நான் கேட்டுக்கறேன். உன்னோடத நீ பேசு."

சித்தி முன்னால் நடந்தாள். அவள் சேறு அப்பிய பூட்ஸோடு பின்னால் போனாள், முதல் வார்த்தையை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடி.