பல்லில் விழுந்த கோடு

ஒன்பது மணிக்கு வரச் சொன்ன அருங்காட்சியக இயக்குநர் பதினொன்றரை ஆகியும் கூப்பிடவில்லை. அறைக்கு வெளியே கிடந்த இரும்பு பெஞ்சில், மருத்துவச் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தாண்டிப் போனவர்களில் இருவர் சிரித்தார்கள். மற்றவர்களுக்குத் திடீரென்று கைப்பேசியில் வேலை வந்துவிட்டது.

பன்னிரண்டு வருடமாக அவளுக்குப் பழைய பற்களோடுதான் குடித்தனம். மூவாயிரம் ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்டவர்களின் பற்கள். குழந்தையாக இருந்தபோது பட்டினியோ கடும் நோயோ வந்திருந்தால், பல்லின் வளர்ச்சி தடைப்பட்டு அங்கே மெல்லிய கோடு ஒன்று விழுந்திருக்கும். அதை வைத்தே குழந்தை எந்த வயதில் வாடியது என்று சொல்லிவிடுவாள். கண்காட்சிக்காக இரண்டு வருடம், ஞாயிறும் விடாமல், நானூறு தாடைகளை அளந்தாள். ஒருநாள் அளவுகருவியில் எண்கள் எறும்பாக ஊர்ந்தன. மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிந்தன. அழுகை வரவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. அக்காதான் வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள்.

"செத்துப்போனவங்களுக்காக நீ ஏன்டி சாகறே?" என்று வழியெல்லாம் திட்டினாள். அப்புறம் ஐந்து மாத விடுப்பு.

ஒருவழியாக அவளை உள்ளே கூப்பிட்ட இயக்குநர் சான்றிதழை ஒரு விரலால் தள்ளினார். "அரை நாள் வேலையா? காய்ச்சல் இல்ல, கட்டு இல்ல, ரத்தத்துல ஒண்ணும் இல்ல. களைப்பாம். எனக்கும்தான் களைப்பு."

"ஞாயித்துக்கிழமையும் வரச் சொன்னது நீங்கதான் சார்."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். பதில் வரல."

அவர் முகம் கறுத்தது. "உங்க மேஜை, அளவுங்க எல்லாம் இவர்கிட்ட ஒப்படைச்சாச்சு. நீங்க கீழே கிடங்குல பெட்டிங்களுக்குச் சீட்டு ஒட்டுங்க. அதுல யாருக்கும் களைப்பு வராது."

'இவர்' ஜன்னலோரம் நின்றிருந்தார். சக ஆய்வாளர், கல்லூரியில் அவளோடு ஒரே வகுப்பு. வெளியே வந்ததும், "கொஞ்ச நாளைக்கு உனக்கும் நல்லதுதானே," என்றார்.

"உனக்கு எவ்வளவு நல்லதுன்னு முதல்ல சொல்லு."

அவர் படியேறிப் போய்விட்டார்.

கிடங்கில் ஜன்னல் இல்லை. பசை, கத்தரிக்கோல், சீட்டுக் கட்டு. முதல் வாரம் பத்துப் பெட்டி ஒட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். மூன்றாவது வாரம், சீட்டு சரிதானா என்று பார்க்க ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே யாரும் அளக்காத தாடை ஒன்று. பையிலிருந்து அளவுகருவியை எடுத்துப் பல்லில் வைத்தாள். மூன்று புள்ளி எட்டு. எண் அசையாமல் நின்றது. மறுபடி வைத்தாள். அதே எண். ஆளில்லாத கிடங்கில் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று வீட்டில் அவள் இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டதைப் பார்த்து அக்கா சட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அதன்பிறகு சீட்டு ஒட்டி முடித்த நேரமெல்லாம் அளந்தாள். பதினாறு தாடைகளில் பதினொன்றில் ஒரே இடத்தில் கோடு. தாய்ப்பால் மறக்கும் வயது. நான்கு பக்கம் எழுதி இயக்குநரிடம் நீட்டினாள்.

"இதை யார் கேட்டா?" என்றார் அவர். பக்கங்களை மட்டும் திருப்பித் தரவில்லை.

கண்காட்சி திறந்த நாளில் மழை பிடித்துக்கொண்டது. பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தவள் என்பதால் அவளும் கூடத்தில் நின்றாள். சுவர்ப் பலகையில் அவளுடைய வாக்கியங்கள் இருந்தன. கீழே இரண்டு பெயர்கள். ஒன்று இயக்குநருடையது, மற்றது சக ஆய்வாளருடையது.

சிறப்பு விருந்தினர் கண்ணாடிக்கு அருகில் குனிந்தார். "பால் மறந்ததும் இத்தனை குழந்தைங்க வாடிப்போயிருக்கா? எந்தப் பல்லுல தெரியுது?"

சக ஆய்வாளர் பலகையைப் பார்த்தார். அதில் அது இல்லை. "கடைவாய்ப் பல்லுன்னு…"

"கோரைப்பல்," என்றாள் அவள். "ஈறுக்கும் நுனிக்கும் நடுவுல. வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பார்த்தா தெரியும்."

விருந்தினர் திரும்பினார். "இவங்க?"

"கிடங்குல இருக்காங்க," என்றார் இயக்குநர். "உடம்புக்கு முடியாதவங்க. நாமதானே பார்த்துக்கணும்."

விருந்தினர் இரக்கத்தோடு தலையசைத்தார். கையிலிருந்த ஈரக் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்தார். கூட்டமும் பின்னால் போனது. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரை நனையாமலிருக்க அவள் அதைத் தன் புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.