மூன்றாம் ஷெட்டுக்குப் போகாத கட்டளை

அக்கா கணவரின் வலது கை நேற்று மதியம் மூன்றாம் ஷெட்டில் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் நசுங்கியது. மணிக்கட்டுக்குக் கீழே மிஞ்சியதைத் தகட்டிலிருந்து சுரண்டித்தான் எடுத்தார்கள்.

எங்கள் தகடு ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. அச்சில் தகடு சிக்கினால், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இன்ஜினியருக்குப் போன் போடுவோம். அவர் வெளியிலிருந்து ஆலை நெட்வொர்க்குக்குள் நுழைய வைக்கும் விபிஎன் வழியாக பிரஸ்ஸை இயங்காதபடி பூட்டிவிட்டு "நிறுத்தியாச்சு" என்பார். அதன்பிறகு கையை விடலாம். நேற்றும் சொன்னார். மாமா கையை விட்டுக் குனிந்தபோது கால் மிதிகட்டையில் பட்டது. பிரஸ் இறங்கியது.

இன்று காலை இன்ஜினியர் வந்து இறங்கியதுமே, மாமாவின் தம்பி அவரை ஆலை வாசலில் பிடித்துக்கொண்டான். முதல் குத்தில் கண்ணாடி உடைந்தது. இரண்டாவதில் பல். கீழே விழுந்தவரை விலாவில் மிதித்தான்.

"நிறுத்தியாச்சுன்னு வாய் கூசாம சொன்னியேடா!"

"அனுப்பினேன் தம்பி... சத்தியமா அனுப்பினேன்."

"எங்க அனுப்பின? உன் மாமியார் வீட்டுக்கா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

அவர் அனுப்பிய கட்டளை எங்கே போனது என்று எனக்குத் தெரியும். போன வாரம் அந்த விபிஎன்னை அமைத்தவன் நான். இரண்டாம், மூன்றாம் ஷெட்டுகளின் நெட்வொர்க் முகவரிகள் இரண்டும் அதன் வழியே வர, அந்த எல்லையைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க்கின் மூன்றாவது எண் 254 ஆக இருக்க வேண்டும். நான் 255 என்று அடித்திருந்தேன். நெட்வொர்க் மாலை வகுப்பில் இதே கணக்கை மூன்று முறை போட்டவன்தான். அந்த ஓர் எண்ணால் மூன்றாம் ஷெட்டுக்கான கட்டளை விபிஎன்னுக்குள் நுழையாமல், அவர் வீட்டு இணையத்தில் போய்த் தொலைந்தது. சோதிக்காமலும் இல்லை. ஆலைக்குள் என் மேஜையில் உட்கார்ந்து சோதித்தேன். அங்கிருந்து விபிஎன்னே தேவையில்லை, எந்த மாஸ்க் போட்டாலும் எல்லா ஷெட்டும் கிடைக்கும். இது ஏன் எனக்கு அன்றைக்கே உறைக்கவில்லை?

இன்னும் நாலு மிதி விழுந்தால் ஆள் தேறமாட்டார்.

"மச்சான், அவர விடு. தப்பு என்னுது."

அவன் திரும்பினான். "என்ன சொன்ன?"

சொன்னேன். என் பிடரியைப் பிடித்து மூன்றாம் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். என் இடது கையை அச்சின் மேல் வைத்து, முழங்கையால் அழுத்திக்கொண்டான்.

"ஒரு நம்பர்தானே? இன்னொரு கை இருக்குல்ல, மாத்து."

பிரஸ் பக்கத்திலிருந்த ஷெட் லேப்டாப்பில் அந்த எண்ணை ஒற்றைக் கையால் மாற்றினேன். இரண்டு முறை தவறாக அடித்தேன். பின்னாலேயே ஷெட் வாசல் வரை வந்திருந்த இன்ஜினியர் ரத்தத்தைத் துப்பிவிட்டு, தன் மொபைல் இணையத்திலிருந்து விபிஎன்னில் மறுபடி இணைந்தார்.

"அனுப்பிட்டேன்!" என்று அங்கிருந்து கத்தினார்.

மச்சான் மிதிகட்டையை ஓங்கி மிதித்தான். நான் அலறினேன். பிரஸ் அசையவில்லை. மறுபடி மிதித்தான். அசையவில்லை.

அவன் பிடி தளர்ந்தது.

"அப்போ நேத்தும் இப்படியே நின்னிருக்கும்ல?"

"ஆமா."

பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்தான். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது. இழுக்கவில்லை. அது துணிச்சலா, பயத்தில் கை மரத்துப்போனதா என்று இப்போதும் தெரியவில்லை. முதல் அடியில் இரண்டு விரல்கள் உடைந்தன. இரண்டாவது அடிக்கு முன்பே அவன் அழ ஆரம்பித்திருந்தான். ஆனாலும் அடித்தான்.