எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு

மலை மேலே ஒண்டிக்கடையில் ஹனீபாவின் லாட்ஜில் கம்ப்யூட்டர் நாற்காலி ஒன்றுதான். அதற்கு ஆட்கள் இரண்டு. ஒருத்தி அவருடைய தங்கை மகள் சுமையா, அறை புக்கிங் புரோகிராமை எழுதியவள். இன்னொருவன் மச்சினன் ரிஸ்வான். சென்னையில் பார்த்த வேலை போய், "கொஞ்ச நாள் குளுருல இருக்கலாம்னு" அக்கா வீட்டுக்கு வந்தவன். வந்த மறுநாளே நாற்காலியின் உயரத்தைத் தன் காலுக்குத் தோதாக மாற்றிவிட்டான். குளிருக்கு வந்தவனா என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த நாற்காலி போனால் சுமையா நாகலூர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அங்கே மாப்பிள்ளை போட்டோக்கள் காத்திருந்தன.

அவள் புரோகிராமில் ஒரு கோளாறு உண்டு. அறைப் பட்டியல் ஃபைலுக்கு முழு முகவரி கிடையாது. மலைக்காரர்கள் வழி சொல்வது போல, "மேல போயி ரெண்டாவது ஊடு" என்கிற மாதிரி எழுதியிருந்தாள். நிற்கிற இடம் சரியென்றால் வீடு வரும். இல்லையென்றால் யார் வீட்டுக் கதவையோ தட்ட வேண்டும். அவள் தினமும் புக்கிங் ஃபோல்டருக்குள் போய் நின்று ஓட்டுவாள், ஓடும். எழுதியபோது அது சோம்பல். மற்றவர் கைக்கு ஓடாது என்று தெரிந்த பிறகும் திருத்தாமல் விட்டாளே, அது சோம்பல் இல்லை.

மே மாதம், மலர்க்கண்காட்சிக் கூட்டம். அவள் பஸ் தாமதமான ஒரு காலையில் ரிஸ்வான், புரோகிராம் எழுதி ஓட்டுகிற எடிட்டரைத் திறந்தான். புக்கிங் ஃபோல்டரை விட்டு, அதற்கு வெளியே இருந்த லாட்ஜ் ஃபோல்டரைத் திறந்து, ஓட்டிப் பார்க்கிற டீபக் பட்டனை அமுக்கினான். எடிட்டர் தான் நின்ற ஃபோல்டரிலேயே தேடியது. ஃபைல் இல்லை என்று சிவப்பாக வந்தது. ஏன் இல்லை என்று யோசிப்பவனா அவன்? எங்கேயோ கிடந்த போன வருஷப் பட்டியலை எடுத்து, அது தேடிய இடத்திலேயே போட்டுவைத்தான். ஓடிவிட்டது. அதில் எல்லா அறையும் காலி. போனில் கேட்டவர்களுக்கெல்லாம் வாரி வழங்கினான்.

சுமையா வந்தபோது நாமக்கல் குடும்பம் ஒன்று பெட்டிகளோடு நின்று கத்திக்கொண்டிருந்தது. அவர்களுக்குக் கொடுத்த அறையில் வேறு ஆட்கள் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"உன்ற புரோகிராமு லட்சணத்தப் பாரு," என்றான் ரிஸ்வான்.

"ஏனுங்க இன்ஜினியரே, வழி தெரியாட்டிக் கேக்கோணும். கண்ட ஊட்டுக்குள்ள பூந்துட்டு ஊட்டுக்காரனக் கொறை சொல்லப்படாது."

டீயோடு வந்த ஹனீபாவின் மனைவி ஹலீமா தம்பிக்குப் பரிந்தாள். "எந்தம்பி தொட்டா நிக்கற மாதிரி எழுதி வெச்சது ஆரு? வாய் மட்டும் நொம்ப நீளம்."

ஹனீபா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கண்ணு, ஆரு தொறந்தாலும் ஓடோணும். ஓடுமா, ஓடாதா?"

ஓடாது என்றால் பழி அவள் தலையில். ஓட வைத்தால் அப்புறம் அவள் எதற்கு? நாமக்கல் குடும்பத்துச் சின்னப்பிள்ளை பெட்டி மேலேயே தூங்கிப்போயிருந்தது. சுமையா அதைப் பார்த்தாள், பார்த்திருக்கக்கூடாது.

"எந்திரிங்க," என்று ரிஸ்வானைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்தாள். எடிட்டர் எங்கே நின்றாலும், புரோகிராம் இருக்கிற இடத்திலிருந்தே வழி பார்க்கும்படி ஒரு வரியை மாற்றினாள். ரிஸ்வான் காலையில் கொடுத்த புக்கிங்குகளில் அறை இருந்தவற்றை மட்டும் சரியான பட்டியலில் ஏற்றி, போன வருஷத்ததை அழித்தாள்.

"ரிஸ்வானு, இப்ப நீ அமுக்கு," என்றார் ஹனீபா. அமுக்கினான். ஓடியது.

"அப்பறமென்ன, இனி இவனே பாத்துக்குவான். நீ ஊட்டுக்குப் போ கண்ணு, உங்கம்மா வேற போன் மேல போன் போடுறா," என்றார் அவரே.

ஹலீமா சிரித்த சிரிப்புக்கு டீயில் சர்க்கரையே வேண்டாம். சுமையா பையை எடுத்தாள். அப்போதுதான் ரிஸ்வான் திரையைச் சரியாகப் பார்த்தான். ஓர் அறைகூடக் காலியில்லை. அவன் போனில் வாக்குக் கொடுத்த குடும்பங்களோ கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தன.

"சுமையா, இரு. இவங்களயும் வர்றவங்களயும் எங்க அனுப்பறது?"

"மேல போயி ரெண்டாவது லாட்ஜு."

"எங்கிருந்து மேல?"

"நீங்க நிக்கற எடத்துல இருந்துதானுங்க," என்று படியிறங்கிவிட்டாள்.

நாகலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. அழுதாளா என்று கேட்காதீர்கள்; வெளியேதான் பார்த்துக்கொண்டு போனாள், ஊர் வரும்வரை யார் பக்கமும் திரும்பவில்லை.